நீ சுத்திக்கிட்டே இரு

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு என் தம்பி மணி போய் ஒரு வருஷம். இதைத் திதி என்று சொல்ல முடியாது. திதி கொடுக்க வேண்டுமானால் முதலில் ஆள் செத்திருக்க வேண்டும். என் தம்பி செத்துவிட்டான் என்று ஊவா மாகாணத்தில் எந்த ஆபீசும் எழுதித் தரவில்லை. மண் சரிந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், அன்றைக்கு ஆளே இல்லை என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் ஆள் எப்படிச் சாவான்? அவ்வளவுதான் அவர்கள் நியாயம்.

இருந்தும் என் மனைவி கமலா காலையிலேயே சமைத்தாள். இங்கே கனடாவில் தமிழ்க் கடையில் வாழையிலையை உறைய வைத்துப் பையில் போட்டு விற்கிறான். அதை வெந்நீரில் போட்டு விரித்து, மணிக்குப் பிடித்த ரொட்டியும் கட்டச் சம்பலும் கருவாட்டுக் குழம்பும் படத்துக்கு முன்னால் வைத்தாள். பூ மட்டும் வைக்கவில்லை. பூ வைத்தால் செத்ததாக நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், வைக்காதீங்க என்று மணியின் மனைவி சாந்தி ஊரிலிருந்து சொல்லியிருந்தாள்.

என் மகள் திவ்யாவைக் கூப்பிட்டோம். வரவில்லை. அவள் அறைக்குள்ளிருந்து விமானச் சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிற அதே சத்தம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி எறிவது என்று எழுந்து போனேன்.

பிடுங்கினேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது முதலிலிருந்து தெரிய வேண்டும். கண்டவனும் கண்டபடி பேசுகிறான். மணி விளையாடிச் செத்தான் என்று பேசுகிறவன் இருக்கிறான். அவனுக்காகத்தான் எழுதுகிறேன்.

2

நான் இங்கே கோழி ஆலையில் வேலை செய்கிறேன். தொங்கிக்கொண்டு வரும் கோழியை வெட்டி வெட்டி வலது கை விரல்கள் மடங்க மறுக்கின்றன. ஊரில் இருப்பவர்கள் வெளிநாடு என்று வாயைப் பிளக்க வேண்டாம். மலையில் கொழுந்து எடுத்த என் அம்மாவின் கையும் என் கையும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எனக்குக் கையுறை உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஊரில் தமிழர்கள் ஏராளம், பெரும்பாலும் வடக்கு ஆட்கள். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர், "ஊரில எவடம்?" என்று கேட்பார். பதுளைப் பக்கம் என்பேன். "ஓ, தோட்டமோ?" என்பார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிடும். முதலில் எல்லாம் வலித்தது. இப்போது, "ஆமாங்க, தோட்டந்தான். நீங்க குடிக்கிற டீ எங்க வீட்டுதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

நான் தாங்கிக்கொண்டேன். பிள்ளை தாங்கவில்லை. திவ்யாவைச் சிறு வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். அவள் வீட்டில் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறாள். டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "இது தோட்டத்துக் கதை, நல்ல தமிழ் கதையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. அன்றோடு வகுப்பை நிறுத்தினாள். வீட்டிலும் நிறுத்தினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாடு ரெடி என்று அவளுக்கு போனில் செய்தி அனுப்புகிற நிலைக்கு வந்தோம்.

அப்படிப்பட்ட பிள்ளை ஒரு ஞாயிறு காலையில் அறைக்குள்ளிருந்து, "தொரை வாராரு, தொரை வாராரு! பின்னால பாருங்க!" என்று கத்தியது. நான் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

3

மணி என்னைவிடப் பத்து வயது இளையவன். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் சாந்தியோடு இருந்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரகல சந்தியில் ஒரு கடையில் போனும் கம்ப்யூட்டரும் திருத்துவான். ஞாயிறு சாயங்காலம் கடையைச் சாத்திய பிறகு ஒரு கம்ப்யூட்டரை அவன் பாவித்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார்.

அந்த நேரம் அவன் ஆடியது ஒரு விமானச் சண்டை விளையாட்டு. உலக யுத்த காலத்து விமானங்கள், டாங்கிகள், கப்பல்கள் எல்லாம் அதில் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் இணையத்தில் வந்து சேர்ந்து சண்டை போடலாம். வெறுமனே பட்டனை அமுக்கிச் சுடுகிற விளையாட்டு இல்லை. இயந்திரத்தை முறையாகக் கிளப்ப வேண்டும், சூடு பார்க்க வேண்டும், எண்ணெய் பார்க்க வேண்டும், பிறகு பத்திரமாகக் கொண்டுவந்து இறக்க வேண்டும். விமானம் ஓட்டுகிற பிடியை மணியே செய்திருந்தான். உடைந்த ரேடியோவின் உள் சாமான்கள், மேலே எங்கள் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியின் மரப்பிடி. அப்பா தேயிலைச் செடி வெட்டிய பிடியால் இவன் விமானம் ஓட்டினான்.

திவ்யா இங்கே அதே விளையாட்டை ஆடுகிறாள் என்று கமலா மணியிடம் போனில் புலம்பியிருக்கிறாள். விளையாட்டில் அவள் வைத்திருந்த பெயரைக் கேட்டு அவன் தேடிப் பிடித்துவிட்டான். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஏறினார்கள். பிளென்ஹைம் என்று ஒரு பழைய இரட்டை இயந்திர விமானம். யுத்த காலத்தில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து அது பறந்தது என்பதற்காகவே அதை அவன் எடுப்பான். அவன் ஓட்டுவான். அவள் பின்னால் துப்பாக்கிக் கூண்டில் உட்கார்ந்து சுடுவாள்.

அவனுக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்லிவிட்டான். அது பொய். அவனுக்கு நன்றாகவே வரும். ஆனால் தமிழில் சொன்னால்தான் விமானத்தைத் திருப்புவேன் என்று அடம் பிடித்தான். உயிர் போகிற நேரத்தில் பிள்ளைக்குத் தமிழ் வந்தது. அதுவும் என்ன தமிழ்! நான் ஒளிந்து நின்று கேட்டேன்.

"பாப்பா, பெரட்டுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன் கங்காணி."

"லேட்டு. அரப் பேருதான் போடுவேன்."

"அரப் பேருன்னா?"

"பாதி நாள் சம்பளம். ஒங்கப்பாவக் கேளு, நெறைய வாங்கியிருக்காரு."

காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டு அவர்களுக்கு விமானம் கிளம்பும் நேரம். கொழுந்து நிறுக்கிற மடுவம் அவர்களுக்கு இறங்கும் ஓடுபாதை. தலைக்கு மேலே வருகிற எதிரி விமானம் தோட்டத்து மேனேஜர் தொரை. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி மணிதான்.

"சித்தப்பா! மேல! ரெண்டு தொரை!"

"பெரிய தொரையா, சின்னத் தொரையா?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"பெரிய தொரைய விடு, அவரு ஜீப்ப விட்டு எறங்க மாட்டாரு. சின்னத் தொரையச் சுடு!"

அவள் சுட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் வாய்க்காலில் குதித்து ஒளிந்த தலைமுறை நாங்கள். என் மகள் தொரையைச் சுட்டுவிட்டுச் சிரிக்கிறாள்.

எனக்குப் பிடித்ததா என்றால், இல்லை. யுத்தத்தை விளையாடுவது எனக்குப் பிடிக்காது. அடையாள அட்டையில் பதுளை என்று இருந்தும் தமிழன் என்பதற்காக பஸ்ஸிலிருந்து இறக்கி, துப்பாக்கி முனையில் என்னை வெயிலில் நிற்க வைத்தவர்களை நான் மறக்கவில்லை. மணியை போனில் பிடித்துத் திட்டினேன்.

"ஏன்டா, பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி பழக்குறியா?"

"அண்ணே, நீங்க இத்தன வருசமா தமிழ் பழக்குனீங்க. என்ன கெடச்சுச்சு?"

போனை வைத்துவிட்டேன். அவனுக்கு வாய் நீளம்.

ஒன்றை மட்டும் அவன் அவளிடம் விடவில்லை. விமானத்தை இறக்குவது. எத்தனை முறை கேட்டாலும், "கொழுந்துக் கூடை நெறஞ்சிருந்தா மடுவத்துல எப்படி எறக்குவாங்க? தூக்கியா போடுவாங்க? முட்டிய மடக்கி, முதுகக் குனிஞ்சு, கூட தரையத் தொட்டது தனக்கே தெரியாத மாதிரி எறக்குவாங்க. நீ கூடையே பாத்ததில்ல. ஊருக்கு வா, காட்டுறேன். அப்புறம் எறக்கலாம்" என்பான்.

ஊருக்குப் போக அந்த டிசம்பருக்கு லீவு கேட்டிருந்தேன்.

4

இப்போது லயத்தின் கதை. தோட்டத்துக்காரனுக்கு இது தெரியும். மற்றவர்கள் கவனமாகப் படியுங்கள்.

லயத்துக் காம்பரா நமக்குச் சொந்தம் இல்லை. பாட்டன் காலத்திலிருந்து இருந்தாலும் சொந்தம் இல்லை. தோட்டத்துக்குத்தான் சொந்தம். காம்பராவில் ஆள் இல்லை என்றால் பூட்டுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் முன்பு ஒரு மழைக் காலத்தில் மலை சரியப் போகிறது என்று எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். சொன்ன பேச்சைக் கேட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கதவிலும் பூட்டு. ஆபத்தான இடம், இனி இங்கே இருக்க முடியாது என்றார்கள். சரி, வேறு வீடு எங்கே? வரும் என்றார்கள். மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. வீடு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அதைப் பார்த்த எங்கள் ஆட்கள் ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டார்கள். வெளியேறச் சொன்னால் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் மேலே கோயிலுக்குப் போய்விடுவார்கள். லயத்துக்கு ஒரு ஆண் ஆள் தங்கி நிற்பான். அவன் வேலை, காம்பரா காம்பராவாகப் போய் அடுப்பு மூட்டுவது. எல்லாக் கூரையிலும் புகை வர வேண்டும். தோட்டத்து ஆபீசிலிருந்து பார்த்தால் லயத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மலை தலைக்கு மேலே பிளந்து நிற்கும். கீழே ஒருவன் ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பான். இது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். பூட்டிய கதவைப் பார்த்தவனுக்குத் தோன்றாது.

வெளியேறச் சொல்ல வருகிற அரசாங்க ஆபீஸ்காரர்களுக்கு இந்த முறை தெரியாதா? நன்றாகத் தெரியும். வெளியேறச் சொன்ன உடனே லயம் காலி என்று எழுதிக்கொண்டு, கூரையில் வருகிற புகையைப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இரண்டு நாள் விடாமல் மழை. வெளியேறச் சொன்னார்கள். சாந்தியைக் கோயிலில் விட்டுவிட்டு சனிக்கிழமை மணி அடுப்பு மூட்டினான். ஞாயிறு பக்கத்துக் காம்பரா ஆறுமுகம் அண்ணனின் முறை. மணி கடைக்கு வந்து, திவ்யாவோடு விமானத்தில் ஏறினான். பறந்துகொண்டிருக்கும்போது ஆறுமுகம் அண்ணனிடமிருந்து போன். அவர் மனைவிக்குக் கோயிலில் மூச்சு முட்டுகிறதாம், போக வேண்டுமாம்.

பிறகு அவர்கள் பேசியது இது. ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை.

"பாப்பா, நான் லயத்துக்குப் போறேன்."

"இப்பவா? மேல பறந்துக்கிட்டு இருக்கோம்!"

"அங்க ஆளு ஒண்ணு இருக்கணும்டா. இல்லாட்டி பூட்டிப்புடுவானுங்க. நீ முன் சீட்டுக்கு வா."

"எனக்கு எறக்கத் தெரியாது சித்தப்பா."

"எறக்க வேணாம். நீ சுத்திக்கிட்டே இரு. நான் போயி அடுப்பப் பத்த வச்சிட்டு போன் எடுக்கிறேன். போன்லயே சொல்லித் தர்றேன், எறக்கிரலாம்."

"மழையா?"

"மழதான். என்னைக்கு இங்க மழ இல்ல? போறேன் கண்ணு."

அவள் சுற்றினாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடுபாதைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் தீர்ந்து ஒரு இயந்திரம் நின்றது. பிறகு மற்றதும் நின்றது. விமானம் கடலில் விழுந்தது. அவள் வெளியே வந்து, "சித்தப்பா போன் எடுக்கல" என்றாள். தமிழில் சொன்னாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மறந்திருப்பான்" என்றேன்.

5

மணி வருகிறேன் என்று சொன்னதுமே ஆறுமுகம் அண்ணன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அதனால் மணி லயத்துக்கு வந்ததைப் பார்த்த ஆள் இல்லை. கோயிலில் நின்றவர்கள் இருட்டுகிற நேரத்தில் லயத்துக் கூரையில் புகை எழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு சத்தம் கேட்டிருக்கிறது. பிறகு லயமே இல்லை. லயம் இருந்த இடத்திலிருந்து பள்ளம் வரைக்கும் சிவப்பு மண்.

இயந்திரத்தைக் கொண்டுவந்து தோண்டினார்கள். காலி லயத்தை எதற்குத் தோண்டுவது என்று கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள்.

நான் ஆலையில் லீவு கேட்டேன். மரணச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். சான்றிதழ் இல்லை, ஆள் மண்ணுக்குள் இருக்கிறான் என்றேன். சூப்பர்வைசர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, சான்றிதழ் கிடைத்ததும் வா என்றார். அன்றைக்கும் கோழி வெட்டினேன்.

சாந்தியை அதே பழைய ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆள் செத்த குடும்பத்துக்கு முதலில் வீடு என்றார்கள். இவள் போய்க் கேட்டால், உன் புருஷன் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி என்ன என்றார்கள். புகையைப் பார்த்தோம் என்று கோயிலில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். மழை நேரத்தில் பனியும் புகை மாதிரிதான் இருக்கும் என்று பதில் வந்தது.

இங்கே திவ்யா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், பேசவில்லை. ஞாயிறு வந்தால் அதே விமானத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் சுடாமல், எண்ணெய் தீரும் வரைக்கும் ஓடுபாதைக்கு மேலே சுற்றுவாள். பிறகு கடலில் விழுவாள். அவளோடு ஆடுகிறவர்கள் திட்டிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் சாந்தியின் கதையைக் கமலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திவ்யா குறுக்கே வந்தாள்.

"லயத்துக்குப் போறேன்னு சித்தப்பா சொன்னாரே. என்கிட்ட ரெக்கார்டிங் இருக்கு."

தன் பறப்பு ஒவ்வொன்றையும் பேச்சோடு பதிந்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. நான் குதித்தேன். உடனே கொடு, அனுப்ப வேண்டும் என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்?"

"அத அனுப்புனா சித்தப்பா செத்துட்டாருன்னு எழுதிருவாங்க."

"எழுதணும்னுதான்டி கேக்குறோம்!"

"இப்ப அவரு வழியிலதான் இருக்காரு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கத்தினேன். கதவை உதைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் யாரும் கேட்காமல் அவளே நேராகச் சாந்திக்கு அனுப்பிவிட்டாள். சாந்தி போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஆபீசர் தமிழ் பேசுகிறவர்தான். நம்ம ஆள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"என்னம்மா சத்தம் இது? வெடியா?"

"கேம் சார். பிளேன் ஓட்டுற கேம்."

"மல சரியிற அன்னைக்கு ஒம் புருசன் கேம் வெளையாடிக்கிட்டு இருந்தாரா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சிரித்திருக்கிறார். சாந்தி, "கடைசி வரைக்கும் கேளுங்க சார்" என்றிருக்கிறாள். கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"போறேன்னுதான் சொல்றாரு. போய்ச் சேந்ததுக்கு என்ன சாட்சி? நடுவுல வேற எங்கயாச்சும் போயிருக்கலாம். வேற தொடுப்பு எதுவும் இருந்துச்சாம்மா?"

சாந்தி போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "மாமா, இதுக்கு மேல எங்கிட்ட வேற கொரல் இல்ல" என்றாள்.

திவ்யாவிடம் இதை நான் சொல்லவில்லை. கமலா சொல்லிவிட்டாள். திவ்யா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த ஞாயிறும் சுற்றினாள்.

6

இனி போன ஞாயிறு.

வயரைப் பிடுங்கத்தான் உள்ளே போனேன். திரையில் பிளென்ஹைம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கடல், மலை, ஒரு சின்ன ஓடுபாதை. திவ்யா திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, இன்னைக்கு எறக்கப் போறேன். பக்கத்துல உக்காருங்க."

கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. வேகம் குறைந்ததும் மூக்கு இறங்கியதும் மட்டும் தெரிந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முட்டிய மடக்கி, முதுகக் குனிஞ்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடையைப் பார்த்ததே இல்லாத பிள்ளை. தரை வந்தது. ஒரு சக்கரம் முதலில் இடித்தது. விமானம் துள்ளியது. மறுபடி விழுந்தது. இடது பக்கச் சக்கரம் ஒடிந்து, இறக்கை தரையில் தேய்ந்து, சுழன்று, ஓடுபாதைக்கு ஓரத்தில் புல்லில் போய் நின்றது. விசிறி வளைந்துவிட்டது. தீப்பிடிக்கவில்லை.

"கூடையத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள்.

"நின்னுருச்சுல்ல, விடு" என்றேன்.

இயந்திரத்தை ஒவ்வொன்றாக அணைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "சித்தப்பா வர மாட்டாருல்லப்பா?" என்று கேட்டாள். கமலா என்னைப் பார்த்தாள். "வர மாட்டான்" என்றேன். ஒரு வருஷத்தில் முதல் முறையாக அதை வாயால் சொன்னேன்.

சாந்தியை போனில் கூப்பிட்டேன். அங்கே இருட்டிவிட்டது. அவள் குரலுக்கு மேலே தகரத்தில் மழை அடிக்கிற சத்தம்.

"என்னம்மா, பெரிய மழையா?"

"காலையிலேர்ந்து பேயுது மாமா. ஸ்டோருக்குப் பின்னால மேட்டுல வெடிப்பு விட்டிருக்காம். எல்லாரையும் கோயிலுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"நீ போகலையா?"

"எல்லாரும் போயிட்டாங்க. எனக்குப் பதிலா நிக்க யாரு இருக்கா? போட்டுட்டுப் போனா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அடுப்பப் பத்த வச்சிட்டு உக்காந்திருக்கேன். ஆளு ஒண்ணு இருக்கணும்ல மாமா."

போன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில்தான் இருந்தது. திவ்யா அதைப் பிடுங்கினாள்.

"சித்தி, வெளிய வாங்க!"

"இல்ல கண்ணு, மழ விட்டதும்..."

"அடுப்ப விடுங்க! பாய விடுங்க! காம்பராவும் வேணாம், ஒண்ணும் வேணாம். எந்திரிங்க!"

"ஒனக்குத் தெரியாது பாப்பா, இந்த எடமும் போச்சுன்னா..."

"எனக்குத் தெரியும். சித்தப்பாவும் இதத்தான் சொன்னாரு. நான் போகாதீங்கன்னு சொல்லல. மழையான்னு மட்டும் கேட்டேன். இப்ப சொல்றேன். எந்திரிங்க சித்தி!"

பிறகு சாந்தி, "சரி கண்ணு, போறேன்" என்றாள்.

"போறேன்னு சொல்லிட்டு வைக்கக் கூடாது. வைக்காம நடங்க. பேசிக்கிட்டே நடங்க."

சாந்தி நடந்தாள். சேற்றில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது. குடை காற்றில் மடங்கியது. "வழுக்குது" என்றாள். "மெதுவா" என்றாள் திவ்யா. "வாய்க்கால் ரொம்பிருச்சு" என்றாள். "சுத்திப் போங்க" என்றாள். அந்தப் பாதை எனக்குத் தெரியும். திவ்யாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவள்தான் பேசிக்கொண்டு போனாள். நான் என் மகளைப் பார்த்தபடி நின்றேன். தமிழ் வகுப்பில் சிரித்தார்களே, அந்தத் தமிழில்தான் ஒரு உயிரை மேடு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆட்களின் சத்தம் கேட்டது. யாரோ, "சாந்தி வந்திருச்சு, துண்டு குடுங்க" என்றார்கள்.

"வந்துட்டேன்னு சொல்லுங்க சித்தி."

"வந்துட்டேன் கண்ணு."

அதற்குப் பிறகுதான் திவ்யா அழுதாள். நான் போனை வாங்கினேன். சாந்தி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: "மாமா, படத்துக்குப் பூ வச்சீங்களா?"

"நீதானே வேணாம்னு சொன்ன."

"வச்சிருங்க."

கமலா குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். பனிக் காலத்தில் என்ன பூ கிடைக்கும்? பெயர் தெரியாத வெள்ளைப் பூ, வாசம் இல்லாதது. அதை வைத்தோம்.

அன்று மலை சரியவில்லை. மறுநாள் சாந்தி ஸ்டோருக்குத் திரும்பினால், அவளுடைய மறைப்புச் சேலையும் பாயும் இரண்டு சட்டியும் வாசலில் நனைந்து கிடந்தன. அவள் இடத்தில் வேறு குடும்பம். அவர்களும் பாவம், மழையில் கூரை போனவர்கள். காவல்காரன், "ஆளு இல்லாம கெடந்துச்சு, குடுத்துட்டாங்க" என்றானாம். இப்போது ஆறுமுகம் அண்ணன் வீட்டுப் பெண்களோடு ஒரு மூலையில் படுக்கிறாள். வீட்டுக்காக மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

இதைக் கேட்டதும் திவ்யாவின் முகம் செத்துவிட்டது. "மல சரியலையேப்பா. நான் சொன்னதாலதான எடம் போச்சு? தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல."

"நேத்து சித்தி நடந்ததையும் ரெக்கார்ட் பண்ணிட்டேன். பழக்கத்துல பண்ணிட்டேன். அழிச்சிரவா?"

வேண்டாம் என்றேன். அதில் ‘வந்துட்டேன்’ இருக்கிறது.